வாசலில் நின்ற சீமைப்பனை

அன்னாசிப்பழம் முற்றி அழுகத் தொடங்கும்போது வருகிற வாடையும், மழையில் நனைந்த சாக்கு காயும்போது வருகிற வாடையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாது, எனக்கு நன்றாகத் தெரியும். உடுவிலில் எங்கள் வீட்டு வாசல் படலைக்கு இடப்பக்கம் நின்ற மரத்தின் நடுக்குருத்திலிருந்து மஞ்சள் நிறத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு கூம்பு எழும்பி நிற்கிற நாள்களில், பள்ளிக்கூடம் விட்டு வரும் எனக்கு ஒழுங்கை முடக்கிலேயே அந்த வாடை மூக்கில் அடிக்கும். அந்த மரத்தின் சோடி, வலப்பக்கம் நின்ற மற்றது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் இருந்த அத்தனை பேரையும் கொண்டுபோயிருக்கும். நூலிழையில் தப்பினோம்.

அம்மாவும் அப்பாவும் கலியாணம் முடித்த வருடம், கண்டியில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் அப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுத்த கன்றுகள் அவை. பெயர் அவருக்கும் தெரியாது. கரடுமுரடான தடித்த அடிமரம், தலையில் மட்டும் வட்டமாக விரிந்த ஓலை, ஓலை விழுந்த இடமெல்லாம் தழும்பு. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் இதைப் பார்த்தால் வேறு என்ன சொல்வார்கள்? "சீமைப்பனை" என்று வீட்டில் பெயர் வைத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு இடப்பக்க மரம் கூம்பு மட்டும் தள்ளியது, வலப்பக்க மரம் கொட்டை காய்த்தது. ஆண்பனை, பெண்பனை பார்த்து வளர்ந்த சனத்துக்கு அதற்குமேல் சாட்சி எதற்கு? ஒழுங்கையால் போகிறவர்கள் நின்று, "உது பனையின்ரை தங்கச்சி" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். நாங்களும் சிரிப்போம்.

அப்பாவின் தங்கையை நான் மாமி என்று கூப்பிடுவேன். வல்வெட்டித்துறையில் வாழ்க்கைப்பட்டவர், புருசன் கப்பலில் வேலை. பள்ளிக்கூட விடுதலை வந்தால் தன் ஒரே மகள் சுதாவை, அப்போது அவளுக்கு நாலைந்து வயதிருக்கும், இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். மாமி வந்த அன்றே குசினியின் ஆட்சி மாறும், அம்மா மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுப்பார். எந்தச் சாமானும் வீணாய்ப் போவதை மாமியால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தோல், கொட்டை, தண்டு என்று நாங்கள் எறிகிற எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு கறியோ துவையலோ தெரியும்.

அந்த முறை வலப்பக்க மரம் என்றைக்கும் இல்லாத அளவுக்குக் காய்த்திருந்தது. செம்மஞ்சள் நிறத்தில், முழுப்பாக்கிலும் கொஞ்சம் பெரிதாக, கொத்துக் கொத்தாய்த் தொங்கின. மாமி ஒன்றை உடைத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளை வெளேரென்ற பருப்பு. அவ்வளவுதான், சுளகும் கத்தியுமாக உட்கார்ந்துவிட்டார். பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் காயப்போட்டு ஒடியல் ஆக்குவதுபோலவே இதையும் சீவிக் காயவைத்து, உரலில் இடித்து, அரித்து எடுத்தார். ஒடியல்மாவைக் கூழுக்குப் போடுமுன் தண்ணீரில் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம்; கசப்புப் போகத்தான் அது. மாமி இந்தப் புது மாவைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"மச்சாள், இதை ஊறப்போடேல்லையோ?" என்று அம்மா கேட்டார்.

"கசந்தாலெல்லோ ஊறப்போட வேணும். இது தேங்காய்ப்பூ மாதிரி இருக்கு. பனை எங்களை எப்பவாவது கைவிட்டதோ?"

கசப்பு இல்லாததுதான் எங்களைக் கவிழ்த்தது. பனையோடு பழகிய நாக்கு, கசக்காத ஒன்றில் நஞ்சு இருக்கும் என்று எப்படி நினைக்கும்?

ஞாயிறு காலை மாமி அந்த மாவில் கொஞ்சம் பிட்டு அவித்துத் தான் மட்டும் சாப்பிட்டார். புதுச் சாமானை முதலில் தான் தின்று பார்ப்பது அவர் குணம். ஒன்றும் செய்யவில்லை என்றதும், குருநகர்ப் பக்கமிருந்து வந்த மீனும் நண்டும் போட்டு, பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டு, மத்தியானத்துக்குக் கூழ் வைத்தார். மாவில் பாதி ஒடியல், பாதி சீமைப்பனை. கூழ் கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான் மாமி வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். சத்தி நிற்கவே இல்லை. கண் சொருகி, கை கால் குளிர்ந்து, துவைத்துப் போட்ட சீலைபோலக் கிணற்றுக்கட்டில் சாய்ந்துவிட்டார். வெயில் பட்டுவிட்டது, பித்தம் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம். அப்பா ஓட்டோ பிடித்து வந்தார். உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்த என் அக்காவும் கூட ஏறினாள். அந்த நிலையிலும் மாமி தலையைத் தூக்கி அம்மாவிடம் சொன்னார்: "கூழை வீணாக்காதேங்கோ. ஆறமுதல் பிள்ளையளுக்குக் குடுங்கோ."

ஆசுபத்திரியில் நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையில் என்ன சாப்பிட்டவர் என்று டொக்டர் கேட்டிருக்கிறார். பிட்டு என்றிருக்கிறார் அப்பா. என்ன மா? பனை மா. பனை மாவில் இப்படி வராதே என்று டொக்டர் யோசித்து, மரத்தைப் பற்றித் தோண்டித் தோண்டிக் கேட்டிருக்கிறார்.

"பூ எப்பிடி இருக்கும்?"

"பூவெண்டு ஒண்டும் இல்லை, டொக்டர்."

"அப்ப பழம்?"

"பழமும் இல்லை. சின்ன ஓலை மாதிரி ஒண்டின்ரை கரையிலை கொட்டை மூடாமல் வெளியிலை தொங்கும். அவ்வளவுதான்."

அக்காவுக்குத் தலையில் இடி விழுந்ததுபோல இருந்ததாம். வித்துமூடியிலிகள்: பூவும் பழமும் அற்றவை, வித்துகள் மூடப்படாமல் வித்திலையின் விளிம்பில் வெளித்தெரிபவை. ரியூசனில் ஒப்புவித்த பாடம் அது. சைக்கசு என்று பெயர் போட்டு, அதே ஓலையையும் அதே கொட்டையையும் படமாகக் கீறி, கொட்டை நஞ்சு என்று ஓரத்தில் எழுதி, நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறாள். கீறிய படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு நாள் தவறாமல் அந்த இரண்டு மரங்களுக்கும் நடுவால்தான் அவள் சைக்கிளில் போய் வந்தாள்! அவள் கூரிய மூளைக்காரி, ஆனால் புத்தகத்துக்குள் இருப்பது வாசலிலும் நிற்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. "அப்பா, அது பனையில்லை! அதின்ரை கொட்டை நஞ்சு!" என்று வாட்டுக்குள்ளேயே கத்தியிருக்கிறாள்.

"வீட்டிலை வேறை ஆரும் சாப்பிட்டவையோ?" என்று டொக்டர் கேட்க முன்னரே அப்பா வெளியே ஓடிவிட்டார்.

எங்கள் ஒழுங்கைக்கு அப்போது தொலைபேசி வந்திருக்கவில்லை. முற்றத்தில் பானையைச் சுற்றி அம்மாவும் நானும் சுதாவும் இருந்தோம். மாமி இல்லாமல் குடிக்க மனமில்லை என்று அம்மா கொஞ்ச நேரம் இழுத்தடித்தார், பிறகு சுதா பசியில் அழத் தொடங்கியதும் ஊற்றினார். குழிவாகக் கோலிய பிலாவிலையில் கூழ் ஆவி பறக்க, நான் ஊதிக்கொண்டிருந்தேன். படலை அடித்துத் திறந்தது. அப்பா. குரல் உயர்த்தியே அறியாத என் அப்பா, செருப்போடு பாய்ந்து வந்து பானையை எட்டி உதைத்தார். கூழ் மண்ணில் ஓடியது. என் கையில் இருந்த பிலாவிலையைத் தட்டிவிட்டார், அறைந்த மாதிரி வலித்தது. பிறகு சுதாவைத் தூக்கிக் குப்புறப் போட்டு அவள் தொண்டைக்குள் விரலை விட்டார். அவள் ஏற்கெனவே ஒரு வாய் விழுங்கியிருந்தாள். அப்பாவுக்கு விசர் பிடித்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். என்ன நடக்கிறது என்று விளங்காமல், மண்ணில் கிடந்த நண்டுக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

சுதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமிக்கு அடுத்த நாள்தான் தெளிந்தது. கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளையள் குடிச்சிட்டினமோ?" என்பதுதான். இல்லை என்று அக்கா சொன்னாள். மாமி நம்பவில்லை, சுதாவைக் கொண்டுவந்து கட்டிலில் இருத்தும்வரை வாய்க்குள் தண்ணீர்கூட வாங்கவில்லை. அவர் வீட்டுக்கு வருமுன் அப்பா இரண்டு மரங்களையும் வெட்டி, வேரையும் கிளறி எரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கும் அக்காவுக்கும் மரங்களைக் கண்டால் பயம். வேறு எது எங்களை ஏமாற்றிக்கொண்டு நிற்கிறது என்று தேடினோம். தேவாலய வளவில் தட்டுத்தட்டாய் உயர்ந்து நின்ற "கிறிஸ்மஸ் மரம்" வித்துமூடியிலிதான் என்றாள் அக்கா. பள்ளிக்கூட வாசலில் கத்தரித்து விட்டிருந்த துயாச் செடியும் அந்தக் கூட்டந்தான். ஊசி இலையும் சின்னக் கூம்புமாக நிற்கிறதே, காரைநகர்க் கடற்கரைச் சவுக்கும் அதுதான் என்று நான் சொன்னேன். இல்லை, அது பூக்கும் மரம் என்றாள் அக்கா! பனை போல இருந்தது பனையில்லை, பைன் போல இருப்பது பைன் இல்லை. கண்ணை நம்பி என்ன பிரயோசனம் என்று எனக்கு அழுகையே வந்தது.

வளர்ந்த பிறகு கொழும்பில் ஒரு அரும்பொருட் காட்சிச்சாலையில் இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. புத்தளம் பக்கத்தில் எடுத்த உயிர்ச்சுவடு என்று எழுதியிருந்த ஒரு கல். கல்லில் பதிந்து கிடந்தது எங்கள் படலையடி ஓலை. நடுவே ஈர்க்கு, இரண்டு பக்கமும் நெருக்கமாய் இலைச்சீப்பு. நேரடியாக அதே மரம் இல்லையாம், அதன் மிகப் பழைய சொந்தம்; உலகத்தில் பூ என்ற ஒன்றே வருமுன் வளர்ந்ததாம். எங்கள் கிணற்றுக் கல்லில் சிப்பி பார்த்து அதையே பழசு என்று நினைத்திருந்தவள் நான். பனையின் தங்கச்சியா அது? பனை பிறக்க எத்தனையோ காலத்துக்கு முன்பே அது கிழவி. கண்ணாடிப் பெட்டியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். காவலாளி வந்து, சுகமில்லையா என்று கேட்டார்.

போன வருடம் சுதாவுக்குக் கலியாணம். யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கட்டிய மண்டபம். காரை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். வாசலின் இரண்டு பக்கமும் வரிசையாக அதே மரம், சின்னச் சாதி, கொட்டை செக்கச்செவேலென்று பழுத்துக் கிடக்கிறது. தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரிடம் இது என்ன மரம் என்று கேட்டேன். "உது வெளிநாட்டுக் குட்டிப்பனை, அக்கா. நல்ல வடிவெல்லோ?" என்றார். கொட்டை நஞ்சு என்று நான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை.

இன்று உடுவில் வீட்டில் அந்தப் படலை இல்லை, மதில் எழும்பிவிட்டது. மரம் நின்ற இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கூழ் காய்ச்சவில்லை. "சாப்பிடுங்கோ" என்று யாரையும் வற்புறுத்துகிற பழைய மாமியும் அன்றோடு போய்விட்டார். இப்போது பரிமாறிவிட்டு விலகி நிற்பார்.

சுதாவின் கலியாணத்தில், தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கியபோது மாமியைக் காணவில்லை. தேடிப் போனேன். பட்டுச் சேலையோடு வாசற்படியில் குந்தியிருந்தார். முந்தானை நிறையச் சிவப்புக் கொட்டைகள். எட்டின மட்டும் பிடுங்கியிருந்தார், எட்டாததற்குக் காவல் இருந்தார். பக்கத்தில் வந்த சின்னப் பிள்ளைகளைக் கையால் விலக்கி விலக்கி அனுப்பிக்கொண்டிருந்தார். மணக்கோலத்தோடு சுதாவே வந்து, "அம்மா, சாப்பிட வாங்கோ" என்று கூப்பிட்டாள். ஒரு வாய்க் கூழ் அன்று அவள் தொண்டையால் இறங்கியது அவளுக்கு நினைவே இல்லை.

"நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ பிள்ளை," என்றார் மாமி, மரத்தை விட்டுக் கண்ணெடுக்காமல். "கடைசிப் பிள்ளை வாகனத்திலை ஏறட்டும். பிறகு வாறன்."