அன்செய் காலத்து மேலங்கியும் நான் டோஸ்ட்ருப்பில் இறங்கிய கதையும்

எனக்குப் பழைய மேலங்கி என்றால் ஒரு கிறுக்கு. டென்மார்க்கில் நான் இருக்கும் கோல்டிங் நகர நூலகத்தில் ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். கோப்பன்ஹேகனில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் ஜப்பானியத் தீயணைப்புக்காரர் ஒருவரின் மேலங்கி நவம்பர் முடியும் வரை இருக்குமாம். ஷோகன்கள் என்ற படைத்தலைவர்கள் ஆண்ட நாட்களில், அன்செய் என்று பெயரிட்ட காலத்தில் தைத்தது. போதாதா! கடைசிச் சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

காலை 8.06 ரயில், இரண்டு மணி இருபது நிமிடப் பயணம். ஆரஞ்சு டிக்கெட் போக 149 குரோனர், வர 149. மலிவுதான், ஆனால் குறித்த ரயிலுக்கு மட்டுமே செல்லும். மனைவி கட்டித் தந்த ரொட்டியும் சம்பலும் ஓடென்ச நகரம் வருவதற்கு முன்னமே முடிந்துவிட்டன. பெரிய பாலத்திலும் கடலடிச் சுரங்கத்திலுமாகப் பதினெட்டுக் கிலோமீட்டர் கடலைத் தாண்டி, ரயில் டோஸ்ட்ருப்பில் ஒரு நிமிடம் நின்றது. நான் வேண்டுமென்றே மற்றப் பக்கம் பார்த்தேன்.

அங்கேதான் யோகன் இருக்கிறான். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் அகதி முகாமில் நாங்கள் இருவரும் ஓர் அறை. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு தடித்த ஜாக்கெட். காலையில் அவன் போட்டுக்கொண்டு டேனிஷ் வகுப்புக்குப் போவான். அவன் வரும்வரை நான் ஜன்னலடியில் காத்திருப்பேன். அவன் உடம்புச் சூடு ஆறுவதற்குள் அதை வாங்கி மாட்டிக்கொண்டு ஓடுவேன். பிறகு எங்கள் வாழ்க்கையையே காலம் காலமாகப் பிரித்துப் பெயர் வைத்தான் யோகன். 'ஒற்றை ஜாக்கெட் காலம்', 'மீன் ஆலைக் காலம்', 'பெண் பார்த்த காலம்' என்று. என்ன சிரிப்பு சிரித்திருப்போம்! ஆறு வருடத்துக்கு முன் அவன் மகளின் கலியாணத்துக்கு அழைப்பை ஃபோனில் அனுப்பினான். இருநூறு கிலோமீட்டர் வந்து கார்டைக் கையில் தரவில்லையே என்று எனக்கு ரோசம். நான் போகவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை. அந்தக் காலத்துக்கு மட்டும் பெயர் வைக்க ஆளில்லை.

அருங்காட்சியகத்தில் நுழைவு 95 குரோனர். நம் ஜாக்கெட்டைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். அந்த அங்கியை என்னவென்று சொல்ல! பருத்தித் துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைத்திருக்கிறார்கள். வெளியே வெறும் கருநீலம், உள்ளே சீறுகிற டிராகன். தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டு நெருப்புக்குள் போவார்களாம். நெருப்பு அணைந்த பிறகு உட்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து வருவார்களாம்.

விளக்கம் சொன்ன டேனிஷ் பெண்மணி, ஜப்பானில் காலத்துக்குப் பெயர் வைப்பார்கள், அரண்மனைத் தீ, நிலநடுக்கம் என்று கேடு மேல் கேடு வந்ததால் பழைய காலப் பெயரை விட்டு 'அன்செய்' என்று மாற்றினார்கள் என்றார். அமைதியான ஆட்சி என்று பொருளாம்.

"பெயரை மாற்றியதும் நல்ல காலம் வந்ததா?" என்று கேட்டேன்.

"எங்கே! அடுத்த வருடமே எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ, குலுங்கிப் பற்றி எரிந்தது. அணைக்க ஆட்கள்தான் போக வேண்டியிருந்தது," என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. யோகன் பக்கத்தில் இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பான் என்று நினைத்தேன். அவன் இல்லாமல் பார்த்தது பாதிதான்.

அந்த யோசனையிலேயே நடந்து 5.02 ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு வந்த பிறகுதான் குளிர் உறைத்தது. என் ஜாக்கெட் பெட்டகத்திலேயே! அருங்காட்சியகம் ஐந்துக்கே பூட்டிவிடும். மடையன், என்னைச் சொல்ல வேணும். ரயிலில் ஏறிவிட்டேன். கால்மணி நேரத்தில் டோஸ்ட்ருப். கதவு திறந்தது. டிக்கெட் போனால் போகட்டும் என்று இறங்கினேன்.

அவன் வீடு ஸ்டேஷனிலிருந்து 1.4 கிலோமீட்டர், இரண்டு பாகைக் குளிர். மணியை அடிக்கும்போது பல் கிடுகிடுவென்று அடித்தது. யோகன் கதவைத் திறந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஜாக்கெட் எங்கயடா?"

"விட்டிட்டு வந்திட்டன்."

"உனக்கென்ன விசரே? உள்ளுக்கு வா!"

"பிள்ளையின்ர கலியாணத்துக்கு நான் வந்திருக்கவேணும், யோகன்."

"ஓம், வந்திருக்கவேணும்," என்றான். "நானும் கார்டைக் கொண்டு வந்து தந்திருக்கவேணும். சரி, இரு, தேத்தண்ணி போடுறன்."

மூன்று தேநீர் குடித்தோம். அங்கியின் படத்தைக் காட்டினேன், மூக்கைச் சிந்திக்கொண்டே பார்த்தான்.

போகிறவர்களுக்கு: காலை பதினொன்றுக்கு முன் போனால் கூட்டம் இல்லை, இரண்டு மணி நேரம் போதும். பெட்டகச் சாவியைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள், கையிலேயே பிடியுங்கள். வழியில் யாரோடாவது கோபம் இருந்தால் ஆரஞ்சு டிக்கெட் எடுக்காதீர்கள். எனக்குத் திரும்பிவர முழு விலை, 379 குரோனர் ஆயிற்று.

வெளிக்கிடும்போது யோகன் தன் ஜாக்கெட்டைக் கழற்றி என் தோளில் போட்டான். சூடு இன்னும் ஆறவில்லை. தபாலில் அனுப்பிவைக்கிறேன் என்றேன்.

"தபாலில அனுப்பினியெண்டா எடுக்க மாட்டன்," என்றான். "நேரில கொண்டு வந்து தா."