நூற்றுக்கு நூறு வாங்கிய கட்டடம்

மலரு, குமரா, ஈரச் சிமெண்ட் வாசனை வந்தால் உங்களுக்குப் புதுவீடு நினைவுக்கு வரலாம். எனக்கு உங்கள் வள்ளி அத்தையின் தலையில் இருந்த கலவைச் சட்டிதான் வரும்.

பாடாலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் அக்கா ஒன்பதாவது படித்த வருடம் முழுக்கக் கணக்குக்கு ஆசிரியர் கிடையாது. மாறுதலில் போனவர் இடத்துக்கு அரசாங்கம் ஆள் போடவில்லை. கணக்குப் பாடவேளையில் பிள்ளைகள் மைதானத்தில் கல் பொறுக்கினார்கள். அக்கா கணக்கில் தோற்றாள். பத்தாவதில் ஒரு பிள்ளை தோற்றாலும் பள்ளியின் "நூத்துக்கு நூறு" போய்விடும் என்று, அப்படிப்பட்ட பிள்ளைகளை ஒன்பதாவதோடு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது அங்கே வழக்கம்.

பருத்திக்காட்டிலிருந்து அப்படியே ஓடிவந்த அம்மா தலைமையாசிரியர் முன்னால் நின்றாள்.

"வாத்தியாரே இல்லாம எம்புள்ள என்னத்தங்க சார் படிச்சிருக்கும்?"

"அத கவர்மெண்ட்ட போயி கேளு. பாஸ் காட்டுற ஸ்கூலுக்குத்தான் கட்டடம் குடுப்பாங்க. ஒம்மவ ஒருத்திக்காக எல்லாப் புள்ளையும் ஒழுவுற கூரையில ஒக்காரணுமா?"

"ஒம்பதாவதே திரும்பப் படிக்கிறேன் சார்" என்றாள் அக்கா.

"எதுக்கு? மறுபடியும் பெயிலாவவா?" என்றார். அறையில் இருந்த மற்ற சார்களும் சிரித்தார்கள்.

அடுத்த வருடம் நூற்றுக்கு நூறு வந்தது, கட்டடமும் வந்தது. மேஸ்திரி எங்கள் தெருவில்தான் "சித்தாள்" எடுத்தார், அக்காவும் போனாள். என் ஏழாம் வகுப்பு ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சாரத்தடியில் நின்றிருந்த அவளிடம் தலைமையாசிரியர், "பாத்தியா புள்ள, கடைசில ஸ்கூலுக்கே வந்துட்ட!" என்றார். அவள் சட்டியை இறக்காமலே நின்றாள். அவள் மண் சுமந்த அறையில்தான் நான் பத்தாவது எழுதினேன். அவள் இன்றுவரை அந்தப் பள்ளி இருக்கும் தெருவை விட்டு, சுற்றுவழியில்தான் கடைக்குப் போகிறாள்.

அந்த ஓட்டுக்கூரை இப்போது இல்லை, கல் பொறுக்கிய மைதானம் இல்லை, பிரம்பும் இல்லை. பேச்சுகூட மரியாதையாகிவிட்டது. போன வாரம் அதே பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் புதுத் தலைமையாசிரியர், "பெயிலாவுற மாதிரி இருக்குற மூணு புள்ளைங்கள மட்டும் பத்தாவத வெளியிலேருந்து பிரைவேட்டா எழுதச் சொல்லிடலாமுங்களா? அவங்களுக்கும் நல்லதுதானுங்க" என்றார். நான் எழுந்து, "இந்த வருசமும் பாடம் நடத்த ஆளில்லாம புள்ளைய எப்படிங்க குத்தம் சொல்றது? தோக்குற பள்ளிக்கூடத்துக்குத்தான் மொதல்ல வாத்தியாரும் பணமும் வரணும்னு எழுதிக் கேப்போம் சார்" என்றேன். "பத்தாவதோட நின்ன ஆளு சட்டம் பேசுது" என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிரிப்புக்கு நடுவே, மூவரையும் அனுப்பச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். என்னைத் தவிர எல்லாக் கையும் மேலே போயிற்று.

கூட்டம் கலைந்தது. அந்த மூன்று பிள்ளைகளும் உட்காரும் பெஞ்சை அதற்குள்ளேயே வராந்தாவில் தூக்கிப் போட்டிருந்தார்கள். எல்லோரும் போன பிறகு, நான் அதை ஒருபக்கமாகப் பிடித்துத் தரையில் கிறீச்சிட இழுத்துக்கொண்டு போய், வகுப்பில் முதல் வரிசையில் போட்டுவிட்டு வந்தேன்.