‘அத்தா’ சாட்சி சொல்லாது

பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்வது எனக்குச் சம்பளம் தரும் வேலை. மீதி நேரமெல்லாம் துருக்கி, கசாக், சுவாஷ் அகராதிகளோடு போகிறது. எழுத்தில் பதிவாகாமல் போன ஒரு மூலமொழியில் சொற்கள் எப்படி ஒலித்திருக்கும் என்று, அதன் வழிவந்த இந்த மொழிகளை ஒப்பிட்டுத் தேடுகிறேன். “தமிழ்ப் பொண்ணுக்குத் துருக்கி எதுக்கு?” என்று கேட்காத உறவினர் இல்லை. தமிழுக்கு அகராதி செய்யக் கப்பலேறி வந்த வெள்ளைக்காரர்களை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

போன வருஷம் எங்கள் தமிழ் முஸ்லிம் சங்க விழாவில் பேச அழைத்தார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் என் தந்தைக்குப் பெருமை தாங்கவில்லை. அவரை நாங்கள் அத்தா என்று அழைப்போம். வம்பு அந்தச் சொல்லில்தான் வந்தது.

விழாவுக்கு முன் சங்கத் தலைவர் போன் செய்தார்.

“ஏம்மா, துருக்கிலயும் அத்தான்னு ஒரு வார்த்தை இருக்காமே?”

“இருக்கு மாமா. அப்பா, முன்னோர்னு அர்த்தம்.”

“அப்ப நம்ம ஆளுங்க குதிரையில வந்த துருக்கியர் வழிதான்னு பெரியவங்க சொல்ற கதைக்கு ஆதாரம் கெடைச்சிருச்சு. மேடையில அத ஒரு வரி சொல்லிரு லா.”

“மாட்டேன் மாமா. அது ஆதாரம் இல்ல.”

சிரித்துவிட்டு வைத்தார். நான் தன்னடக்கத்தில் பேசுவதாக நினைத்திருப்பார் போலும். விழாவில், “அத்தா என்ற சொல்லின் துருக்கி வேரை நிரூபித்த நம் வீட்டுப் பெண்” என்று என்னை அறிமுகப்படுத்தினார். மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் அத்தாவும் தட்டினார்.

மைக்கை வாங்கி, “நான் அப்படி எதையும் நிரூபிக்கவில்லை” என்றுதான் தொடங்கினேன். பிறகு விளக்கினேன்.

குழந்தை வாயில் முதலில் எளிதாக வருகிற ஒலிகளை, எந்த நாட்டிலும் பெற்றவர்கள் தங்களை அழைப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் அம்மா, அப்பா, அத்தா போன்ற சொற்கள் உறவே இல்லாத மொழிகளிலும் ஒத்துப்போகும். உறவு வேறு விதமாகத் தெரியும். பெண்பிள்ளைக்குத் துருக்கியில் ‘கிஸ்’, வோல்கா ஆற்றோரச் சுவாஷ் மொழியில் ‘ஹெர்’. ஒன்பதுக்குத் துருக்கியில் ‘தொகுஸ்’, சுவாஷில் ‘தஹர்’. நூறு அங்கே ‘யூஸ்’ என்றால் இங்கே ‘ஷெர்’. கடைசி ஒலி ஒரே மாதிரி மாறிக்கொண்டே வருகிறது. ஒரு சொல் தற்செயலாக ஒத்துப்போகலாம், வரிசையாக இத்தனை சொற்கள் ஒரே விதிப்படி மாறாது.

தலைவர் எழுந்தார். “சாப்பாடு ஆறுதும்மா.”

மைக் அணைந்தது. யார் சொல்லி என்று எனக்குத் தெரியும். மைக்கைத் தரையில் வைத்துவிட்டு மேடை விளிம்புக்கு வந்தேன். இயந்திர இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை எனக்கு.

“அப்ப நாம துருக்கியர் இல்லையா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“எனக்குத் தெரியாதுண்ணே. இந்த வார்த்தைய வச்சு ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன்.”

சொல்ல வந்ததை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். இரண்டொருவர் கைதட்டினார்கள். மற்றவர்கள் சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

பாலிக் புலாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காரை நான்தான் ஓட்டினேன். மலைப்பாதை ஏறும்போது அத்தா ஆரம்பித்தார்.

“நாலு பேரு முன்னாடி பெரிய மனுஷன இப்படிப் பண்ணலாமா?”

“நாலு பேரு முன்னாடி அவரு என் பேர்ல இல்லாதத சொல்லலாமா அத்தா?”

வளைவுகள் வந்துகொண்டே இருந்தன. “எனக்கு அந்தக் கதை பிடிக்கும்மா,” என்றார் மெதுவாக.

மனசு வலித்தது. ஆனாலும் சொன்னேன்: “கதையா வச்சுக்குங்க. நிரூபிச்சது நான்னு மட்டும் சொல்லாதீங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்போது, “பசிக்குது, சோறு போடு,” என்றார். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

சங்கம் அதன்பிறகு என்னை அழைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது ‘கல்’ என்ற பொருள் தரும் சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். துருக்கியில் அது ‘தாஷ்’, சுவாஷில் ‘சுல்’. மூலத்தில் இருந்தது லகரமா ஷகரமா என்று அறிஞர்களே முட்டிக்கொள்கிறார்கள். நான் லகரத்தின் பக்கம். எதிராகச் சான்று வந்தால் மாறுவேன், கைதட்டலுக்காக மாற மாட்டேன்.