காளான் பண்ணை வழியாக அமெரிக்கா: மைசூரில் ஒரு நாள்

1996 ஜூனில் கோவையிலிருந்து மைசூருக்குப் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. "மச்சான் அமெரிக்கா போறதுக்குக் காயிதமெல்லாம் வந்திருச்சு. வக்கீலைப் பாக்கப் போறோம், நீயும் வந்திரு தம்பி" என்று அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். முதலீடு செய்து வெளிநாட்டில் குடியேறுவது பற்றி இப்போது பலர் என்னிடம் விசாரிப்பதால், அந்தப் பயணத்தை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

காந்திபுரத்தில் காலை ஆறு மணிக்குப் பேருந்து. கட்டணம் நாற்பத்தேழு ரூபாய், தூரம் சுமார் இருநூறு கிலோமீட்டர். பண்ணாரி தாண்டினால் திம்பம் மலைப்பாதை, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். வயிறு புரட்டுகிறவர்கள் முன் இருக்கையைப் பிடியுங்கள். சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து பார்த்ததில் இருபது நிமிடம் போனது. சாமராஜநகரில் இட்லி சாப்பிட்டு, பன்னிரண்டே காலுக்கு மைசூரில் இறங்கினேன்.

அக்கா வீடு ஹெப்பாளில். ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே கன்னடம் கலந்த தமிழுக்கு மாறினார். "இண்டஸ்ட்ரியல் ஏரியாவா? திரும்பி வர ஆள் கெடைக்கல்ல சார். மீட்டர் மேல அஞ்சு ரூபா கொடி." கேட்ட ஐந்தையும் சேர்த்துக் கொடுத்தேன். மொத்தம் இருபத்தெட்டு ரூபாய்.

மச்சானுக்குச் சொந்த ஊர் கொள்ளேகால். ஹெப்பாளில் பட்டு நூல் முறுக்கும் ஆலை வைத்திருந்தார், நாற்பது பேர் வேலை செய்தார்கள். அதை விற்று, வீட்டையும் விற்று வாடகை வீட்டுக்கு மாறி, அமெரிக்காவில் ஏதோ ஒரு குக்கிராமத்துக் காளான் பண்ணையில் ஐந்து லட்சம் டாலர் போட்டிருந்தார். அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்ட திட்டம் அது. உங்கள் பணத்தால் அங்கே பத்துப் பேருக்கு வேலை கிடைத்தால், உங்களுக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் அங்கே குடியிருக்க உரிமை. மச்சான் வாழ்நாளில் காளான் தின்றதில்லை. "நாறும்" என்பார். எல்லாம் ஒரே மகள் நந்தினிக்காகத்தான். அவள் அங்கே மேற்படிப்பு படிக்க வேண்டும்.

மூன்று மணிக்கு நால்வரும் வக்கீல் அலுவலகத்துக்குப் போனோம். அக்கா கோயிலுக்குப் போகிற மாதிரி பூ வைத்துக்கொண்டிருந்தாள். மனு ஏற்கப்பட்டுவிட்டது, அக்டோபரில் நேர்காணல் என்று வக்கீல் சிரித்தபடி சொன்னார். பிறகு நந்தினியின் பள்ளிச் சான்றிதழைப் புரட்டினார். சிரிப்பு நின்றது.

"நோடி, இங்க பாருங்க சார், பாப்பாக்கு ஆகஸ்ட்ல இருபத்தொண்ணு ஆகுது. இருபத்தொண்ணு ஆயிட்டா அவங்க உங்க விசால வர முடியாது."

"இல்லீங்க, இருபதுதான் ஆகுது" என்றார் மச்சான். "ஸ்கூல்ல சேக்கறப்ப வயசு பத்தலைன்னாங்க. ஒரு வருஷம் கூட்டிப் போட்டேன். எல்லாரும் அப்படித்தானுங்களே பண்றாங்க?"

உண்மை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குப் பள்ளி வயது ஒன்று, ஜாதக வயது ஒன்று. ஒரு வருடம் முன்னதாக முதல் வகுப்பில் உட்கார வைத்த சாமர்த்தியம், பதினைந்து வருடம் கழித்து இப்படி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று யார் நினைத்தார்கள்?

ஜாதகம் செல்லாது என்றார் வக்கீல். "பிறந்தப்ப எழுதின பதிவு இருந்தா பள்ளிக்கூடத் தேதி தப்புன்னு காட்டப் பார்க்கலாம். பிரசவம் எங்கே?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. எங்கள் வீட்டில்தான், மருத்துவச்சி கையில்தான் நந்தினி பிறந்தாள்.

"அப்பா இவனைத்தாங்க ஆபீசுக்கு அனுப்பினாரு. ஊருக்குப் போனதும் நகல் எடுத்து அனுப்பிருவான்" என்றாள் அக்கா. அவள் முகத்தில் மறுபடி வெளிச்சம்.

நந்தினி பிறந்தபோது எனக்குப் பதினேழு வயது. பிறப்பைப் பதியப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போகச் சொல்லி அப்பா சைக்கிளைக் கொடுத்தார். நான் மேட்னி ஷோ போனேன். மறுநாள் போகலாம் என்றிருந்தேன், மறுநாள் மறந்தேன். கேட்டதற்கு "எழுதியாச்சு" என்றேன். இருபது வருடமாக அது நினைவுக்கே வந்ததில்லை.

"பதிவே பண்ணலைக்கா" என்றேன்.

யாரும் திட்டவில்லை. மச்சான் சான்றிதழைத் தன் பக்கம் இழுத்து, அந்தத் தேதியை விரலால் தேய்த்தார். நந்தினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பத்து நிமிடம் போல இன்னொன்றை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. போட்ட பணத்தை இப்போது எடுக்க முடியாது. ஆலையும் வீடும் கைமாறிவிட்டன. பெற்றோர் இருவரும் போய், அங்கிருந்து மகளுக்குத் தனியாக மனுப் போடலாம், எட்டொன்பது வருடம் ஆகும் என்றார் வக்கீல். இன்னொன்றும் சொன்னார். அதுவரை அவள் கல்யாணம் செய்யக்கூடாது. செய்தால் மனு ரத்து.

மறுநாள் காலை ஏழரை மணி பேருந்துக்கு அக்கா மட்டும் வந்து நின்றாள். வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீ எழுதாம விட்ட புள்ளை தம்பி. இனி உன்ற வீட்லயே இருக்கட்டும்."

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கட்டணமெல்லாம் மாறிவிட்டது, விசாரித்துக்கொள்ளுங்கள். திம்பம் வழியில் இப்போது இரவில் போக்குவரத்துக்குத் தடை உண்டு, பகலில் கிளம்புங்கள். குடியேற்றத் திட்டங்களின் விதிகளும் பிறகு மாறியிருக்கின்றன, நான் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆனால் பணம் கட்டும் முன் வீட்டிலுள்ள அத்தனை பேரின் பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பணம் கட்டிய பிறகு பார்த்தவர்கள் நாங்கள்.

அக்காவும் மச்சானும் அந்த வருடக் கடைசியில் போனார்கள். பண்ணையில் பத்துப் பேருக்கு வேலை கிடைத்தது. விசா வரும்வரை நந்தினி எங்கள் வீட்டில் ஒன்பது வருடம் இருந்தாள். அவளோடு படித்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வந்த வரன்களையெல்லாம் நானே வாசலில் நின்று திருப்பி அனுப்பினேன். ஒரு நாளும் அவள் என்மேல் கோபப்படவில்லை. ஒரு தடவையாவது பட்டிருக்கலாம்.