ஸ்கேன் அறைக்கு வெளியே இருந்தவர்

என் தொடையில் இருந்த கட்டி வேகமாக வளர்ந்தது. அரிதான புற்றுநோயாக இருக்கலாம், உடலில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பெட் ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றார் மருத்துவர். தறிக்கு நூல் வாங்கப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, ராசிபுரத்திலிருந்து தனியாகச் சேலம் வந்தேன்.

"கூட யாரு வந்திருக்கறாங்க?" என்று நர்ஸ் கேட்டார்.

"யாருமில்லீங்க. ஊட்ல சொல்லலீங்க."

கணவரோடு காத்திருந்த ஒரு பெண், "நான் இருக்கறனுங்கண்ணா, போயிட்டு வாங்க" என்றார்.

கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டு, யாரும் நெருங்கக்கூடாத அறையில் தனியே படுக்கவைத்தார்கள். கதவுக்கு வெளியே எனக்காக ஒருவர் இருக்கிறார் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வெளியே வந்தபோது அவர் கணவருக்கு ஸ்கேன் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. இருவரும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார்கள். "இனியாச்சும் ஊட்ல சொல்லிருங்கண்ணா" என்றார் அந்தப் பெண். அங்கிருந்தே மனைவியைக் கூப்பிட்டேன்.

புற்றுநோய்தான். ஆனால் பரவவில்லை, அறுவைசிகிச்சையில் பிழைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் கணவருக்கு என்ன ஆயிற்றென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்றே அன்று தோன்றவில்லை.