தாய்மாமன் மடி

பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுத்த வருஷங்களில், உலகப் போர் முடிகிற பாடம் வந்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். அமெரிக்காவும் ரஷ்யாவும் தோளோடு தோள் நின்று ஜெர்மனியை வீழ்த்தின; வீழ்த்திய கையோடு முறைத்துக்கொண்டு பெர்லினைப் பங்கு போட்டன. ஏன் என்று புத்தகம் நாலு காரணம் சொன்னது. அதே கூத்தை நான் போடியில், சொந்த வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குரங்கணிக்கு மேலே என் அண்ணனுக்கு ஏலத்தோட்டம். பக்கத்துத் தோட்டம் இன்னொருவருடையது. இரண்டுக்கும் ஒரே பாதை. எழுபதுகளின் தொடக்கத்தில், கீழே இடம் வாங்கிய வெளியூர் முதலாளி ஒருவர் அந்தப் பாதையை முள்கம்பி போட்டு அடைத்துவிட்டார். ஆறு வருஷம் கேஸ், கைகலப்பு. அண்ணனும் பக்கத்துத் தோட்டக்காரரும் ஒரே வக்கீலை வைத்தார்கள், கோர்ட்டு வாசலில் ஒரே கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். அந்த உறவு விட்டுப்போகக் கூடாது என்றுதான் அண்ணன் என்னை அவருக்கே கட்டிக்கொடுத்தார். எனக்கும் சம்மதம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

எங்களுக்கு மகள் பிறந்த வருஷம் கேஸ் ஜெயித்தது. முதலாளி இடத்தை விற்றுவிட்டுப் போனார். அவர்கள் ஒற்றுமை அதற்குப் பிறகு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஜீப்பு போகிற மாதிரி பாதையை அகலப்படுத்த வேண்டும், யார் நிலத்தில் அகலப்படுத்துவது என்று ஆரம்பித்தது. அண்ணன் தன் பக்கம் பாதையில் ஒரு இரும்புக் கேட் போட்டுப் பூட்டினார். என் கணவர் அதற்குக் கொஞ்சம் மேலே தள்ளி இன்னொன்று போட்டார். இரண்டு கேட்டையும் ஒட்டிக் கட்டிய வேலிக்கு அந்த முதலாளி விட்டுப்போன முள்கம்பிதான்.

மகளுக்குக் காது குத்த வேண்டும். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது. அந்தச் சாக்கில் அண்ணன் ஒரு தடவை வாசல் ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி, நடையாய் நடந்தேன். கேட்டை எடுத்துவிட்டு வரட்டும் என்றார் கணவர். முதலில் அவர் எடுக்கட்டும் என்றார் அண்ணன். இப்படியே அவளுக்கு ஏழு வயதாகிவிட்டது. வெறும் காதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் பையன் என்று கேலி செய்தார்கள் என்று ஒருநாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கடைத்தெரு ஆசாரியிடம் கூட்டிப்போனேன். தாய்மாமன் எங்கே என்று கேட்டார்.

"நான்தான். குத்துங்க" என்றேன்.

என் மடியிலேயே குத்தினார். அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

சாயங்காலம் வாசலில் ஜீப்பு வந்து நின்றது. அண்ணனும் கணவரும் ஒன்றாக இறங்கினார்கள். விஷயம் தெரிந்ததும் அண்ணனே அவரைத் தேடிப் போயிருக்கிறார். வந்த வேகத்தில் இருவரும் மாறி மாறி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள்.

"எங்க ரெண்டு பேரையும் ஊருக்குள்ள தலகுனிய வச்சிட்டியே ஆத்தா" என்றார் அண்ணன்.

எங்க ரெண்டு பேரையும் என்று அவர் சொன்னது என் காதில் தேனாக விழுந்தது. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். இருவருக்கும் காபி போட்டுக்கொடுத்தேன்; பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார்கள், குடித்துக்கொண்டே திட்டினார்கள். இது தெரிந்திருந்தால் வருஷத்துக்கு ஒரு தப்பு செய்திருப்பேனே என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அண்ணன் தன் கேட்டுக்குப் பெரிய பூட்டாக வாங்கி மாட்டினார். அதைப் பார்த்துவிட்டு வந்து என் கணவரும் மாட்டினார். அவர்களைச் சேர்த்துவைக்கிற அளவுக்கு நான் ஒரு பெரிய எதிரியாக இல்லை.