யன்னலால் வந்த பாண்

என் மனைவி விமலாதேவி யாழ்ப்பாணத்திலிருந்து மெல்போனுக்கு வந்து முப்பத்தைந்து வருடம். இன்றுவரைக்கும் ஒரு தமிழ்ச் சொல்லையும் விட்டுக்கொடுத்தவர் அல்ல. டண்டினொங் சந்தையில் மீன்காரனோடும் தமிழில்தான் பேரம், வெல்வதும் அவர்தான். "அம்மா, ஆக்களுக்கு விளங்காது" என்று மகள் ராகவி சொன்னால், "எனக்கு விளங்குது, போதும்" என்பார்.

ஆங்கிலம் என் பொறுப்பு. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். டண்டினொங் தொழிற்சாலையில் நிலம் கூட்டச் சேர்ந்து, நாற்பது பேருக்கு மேற்பார்வையாளனாக வெளியே வந்தேன். அந்த நாற்பது பேரையும் மேய்த்த ஆங்கிலத்தை நம்பித்தான் மூவரும் போர்த்துக்கல் போனோம்.

அது கடலோர ஊர். வெள்ளை வீடுகள், கீழே நீலக் கடல், எல்லாம் படத்தில் இருந்தபடியே. படத்தில் இல்லாதவை படிக்கட்டுகள்தான்.

இரண்டாம் நாள் காலை, ராகவி தொலைபேசியை அறையில் சார்ஜில் போட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடக்கப் போய்விட்டாள். விமலா சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு குளியலறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து குரல்.

"இஞ்சாருங்கோ, கதவு திறக்குதில்லை."

உள்பக்கத்தால் பூட்டு இறுகிவிட்டது. ஊசி போட்டால் அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் மயங்கி விழுவார்.

"பதறாதையும், நான் நிக்கிறன்" என்று சொல்லிவிட்டு, விடுதிக்கார அம்மாவைக் கூட்டி வந்தேன். "கீ" என்றேன். அவர் "கே?" என்றார். இன்னும் பலமாக "கீ" என்றேன். இன்னும் பலமாக "கே?" என்றார். அவர்களுடைய பாஷையில் அதற்கு 'என்ன' என்று அர்த்தமாம்.

"உங்கடை இங்கிலீசை விடுங்கோ, கை நடுங்குது" என்றார் விமலா. பிறகு கதவோடு வாயை வைத்து, "பிள்ளை, யன்னல். யன்னலாலை பாண் தாங்கோ. பாண்."

எழுபது வயதுப் பிள்ளையின் முகம் மலர்ந்தது. கீழே ஓடினார், கொல்லைப் பக்கம் ஏணி வைத்தார், யன்னலால் வெட்டிய பேக்கரிப் பாண் போனது. உள்ளே சப்பும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"இந்த மனிசி எங்கடை ஆக்களிட்டைத்தான் தமிழ் படிச்சிருக்கிறா" என்றார் விமலா, வாயில் பாணோடு. "இனித் திறப்பைக் கேக்கிறன். பிள்ளை, திறப்பு."

அந்த அம்மா முழித்தார். தமிழ்தான் வழி என்று எனக்கும் விளங்கிவிட்டது. என்னோடு வேலை செய்த மதுரைக்காரன் தேவன் திறப்பைச் சாவி என்பான். "சாவி" என்றேன். இடுப்பில் இருந்த கொத்தை எடுத்து அந்த அம்மா கதவைத் திறந்தார்.

ராகவி வந்து கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். "அம்மா, போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்திலை விட்டிட்டுப் போன சொல்லுகள் இதெல்லாம்."

"கோட்டையைப் பிடிக்க வந்தவங்கள் பாணுக்குப் பேர் வைக்கவோ வந்தவங்கள்? எங்களிட்டைக் கேட்டுத்தான் கொண்டு போயிருப்பாங்கள்."

அது எனக்கும் நியாயமாகவே பட்டது. ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும் அல்லவா? "கடைசியிலை உம்மை வெளியிலை எடுத்தது என்ரை சொல்" என்றேன்.

விமலா அடுத்த துண்டுக்கு வெண்ணெய் பூசினார்.

"அது இந்தியாக்காரற்றை சொல். வீட்டிலை திறப்பெண்டே சொல்லுங்கோ."